வல்லம் சாலையில் ஒரு நாள்

சென்ற தை மாதம் என் தமக்கை மகளுக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படிக்க அழைப்பு வந்தது. முதுகலைத் தமிழ் பயிலும் பெண். உமறுப்புலவரின் சீறாப்புராணத்து நாட்டுப்படலமே அவள் எடுத்துக்கொண்ட பொருள். வீட்டிலோ ஒரே தயக்கம். "கட்டுரையைத் தபாலில் அனுப்பினால் அவர்களே படித்துக்கொள்ள மாட்டார்களா?" என்றார் மச்சான். "தம்பி, நீ கூடப் போவதானால் அனுப்பி வைக்கிறோம்" என்றார் தமக்கை. மதரஸாவில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பண்டாரவாடையில் ரயில் ஏறினோம். அய்யம்பேட்டை, பசுபதிகோயில், திட்டை என வழிநெடுகச் சம்பா அறுவடைக்குச் சாய்ந்து நின்றது. இந்தத் தடம் எனக்குப் புதியதன்று. 1995 ஜனவரி 1 முதல் 5 வரை தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, பள்ளிச் சிறுவனான என்னை அத்தா இவ்வழியேதான் அழைத்துச் சென்றார்கள். அன்று மீட்டர்கேஜ் பாதை. மாநாட்டையொட்டி எழுந்த இராசராசன் மணிமண்டபத்தை அண்ணாந்து பார்த்ததுதான் நினைவில் இருக்கிறது. அம்மாநாட்டிற்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட, கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டதைப் பின்னாளில்தான் அறிந்தேன். கட்டுரையோடு வந்தவர் அதைப் படிக்காமலே திரும்புவதென்றால் எப்படியிருக்கும்! அதனை அன்றைய தினம் நானும் சிறிது உணர நேர்ந்தது.

தஞ்சை ரயிலடியில் ஆட்டோக்காரரிடம் "யூனிவர்சிட்டி" என்று மட்டும் சொன்னேன். அவர் விரைந்து கொண்டுபோய் வேறொரு பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டார். அவர்மீது குற்றமில்லை. வல்லம் பக்கம் இன்று பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன. முழுப் பெயரையும் சொல்லியிருக்க வேண்டியவன் நான். வந்த வழியே திரும்பினோம். அடுத்த பிழையும் என்னுடையதே: வாயிலிலேயே ஆட்டோவை அனுப்பிவிட்டேன். 1981இல் தொடங்கப்பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் வளாகம் ஏறத்தாழ 1000 ஏக்கர்! தஞ்சை என்றதும் வயலும் வாய்க்காலும் எண்ணிச் செல்பவர்கள் அங்கே காண்பது செம்மண் மேட்டுநிலம். வெயிலில் கோப்பை மார்போடு அணைத்தபடி அந்தப் பிள்ளை ஓட்டமும் நடையுமாக வர, துறைக் கட்டடத்தைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் பெயரை அழைத்து முடித்து, அடுத்தவர் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் கண்கள் கலங்கிவிட்டன. வீட்டில் இனி எந்த முகத்தோடு அடுத்த கருத்தரங்கைப் பற்றிப் பேசுவது? அமர்வுத் தலைவரான அம்மையார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் தருகிறேன்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! துறை ஊழியர் ஒருவர் காலி வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட, லுஹரை அங்கேயே தொழுதோம்.

அரபு நாட்டைப் பாடப் புகுந்த உமறுப்புலவர் மழை, ஆறு, உழவு, நெல்வயல் என மருத நிலத்தையே அங்கு விரித்துவைத்த விதத்தை அவள் நிதானமாக எடுத்துரைத்தாள். "புலவர் வாழ்ந்த எட்டயபுரம் கரிசல் பூமியாயிற்றே, வயல் எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்டார். "கம்பரிடமிருந்து, ஐயா" என்றாள் உடனே. தேரழுந்தூர்க்காரரான கம்பர் கோசலத்தைக் காவிரி நாடாக்கினார். அந்தக் காப்பிய மரபு வழியேதான் நெல் அரபு நாட்டுக்கும் போயிற்று என்று விளக்கினாள். கேட்டவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்கே அது புதுச் செய்தி. பட்டம் பெற்றவன் என்று பெயர்தான்!

பெண் பிள்ளைகளை இத்தகைய கருத்தரங்குகளுக்கு அனுப்பும் பெற்றோர் நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். இரவு தங்க நேர்ந்தால் மகளிர் விடுதியில் இடமுண்டா என்று அமைப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். ஆட்டோவைத் துறை வாசல் வரை விடாதீர்கள். பேருந்தென்றால், புறப்படும் முன் நடத்துநரிடம் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரைச் சொல்லி, நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை ரயிலில் திரும்பினோம். பண்டாரவாடை நிலையத்தில் மச்சான் காத்திருந்தார். "எத்தனை பேர் கேட்டார்கள்?" என்றார். "இருபது பேர் இருப்பார்கள், அத்தா." அவர் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் அவள் கையிலிருந்த கோப்பை வாங்கித் தம் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்னே நடந்தார்.