ஒரே உடம்புக்கு இரண்டு வாசலா?



தேவிகுளம் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பையன் குடிக்கிறான், யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்கிறான். குடி மீட்புப் பிரிவில், "இது மனநோய், அங்கே போங்கள்" என்றார்கள். மனநோய்ப் பிரிவில், "முதலில் குடியை நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். ஒரே உடம்பிலுள்ள இரண்டு நோய்க்கு இரண்டு வாசல். இரண்டும் சாத்திய வாசல்!

இப்படி அலைக்கழிப்பது வைத்தியம் ஆகுமா? தினமும் குடிப்பவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத உருவம் தெரியும், உளறுவான். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதை நாம் பேய் என்று சொல்லிக் கட்டிப்போடுகிறோம். இன்னொருவன் மனச்சோர்வில் தூக்கம் வராமல் குடிக்கிறான். கஞ்சாவோ, மனநோய் வரக்கூடியவனை அதற்குள்ளேயே தள்ளிவிடும். எது எதனால் வந்தது என்று பிரித்தறிந்து, இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய டாக்டருக்கும் நர்சுக்கும் பயிற்சி வேண்டும். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையே சிலருக்கு மனக்குழப்பத்தை உண்டாக்கும். அதைத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தால், குடித்ததும் உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு நோயையும் ஒரே குழு பார்க்கும் முறை 1980-களிலேயே தொடங்கிவிட்டது.

நம் மக்கள் பட்டது கொஞ்சமா? 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வாளையாறு அருகே செல்லன்காவில் விஷச்சாராயம் 5 பேரைக் கொன்றது. சொந்தங்களை மண்ணுக்குக் கொடுத்தவனின் துக்கத்தையும், அவன் கையிலுள்ள பாட்டிலையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த டாக்டர் நமக்கு வேண்டாமா?

கேரள சர்க்கார் 2016-இல் விமுக்தி இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் போதை மீட்பு மையம் திறந்தது. வரவேற்கிறோம். ஆனால் கட்டிடம் வைத்தியம் செய்யாது. பயிற்சி பெற்ற கைதான் செய்யும்.

நாம் கேட்பது பிச்சையல்ல, சட்டம்! 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-இல் அமலுக்கு வந்தது. மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறையும் அது மனநோய் என்றே சொல்கிறது. அடிப்படை மனநல வைத்தியத்திலும் அவசர வைத்தியத்திலும் சர்க்கார் ஆஸ்பத்திரி மருத்துவ அதிகாரிகள் அத்தனை பேருக்கும் பயிற்சி தரவேண்டும் என்கிறது 31-ஆவது பிரிவு. மனநல ஊழியர் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுக்கு உயர்த்தப் பத்தாண்டு கெடுவும் வைத்தது. 2028 மே மாதம் அந்தக் கெடு.

"மலைக்கு யார் வந்து பாடம் நடத்துவது?" என்ற சாக்கு இனிச் செல்லாது. பெங்களூர் நிம்ஹான்ஸ், காணொளி வழியாகவே தூரத்து டாக்டர்களுக்கு இந்த வைத்தியத்தில் பயிற்சி தருகிறது.

நம் மீதும் குற்றம் உண்டு. குடிகாரன் என்று சங்கக் கூட்டத்திலிருந்து நாமே விரட்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நோயாளிகள் எத்தனை பேர் என்று கேட்டோமா?

நமது கோரிக்கை மூன்று. எல்லைத் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் டாக்டர், நர்சுகளுக்கு இரண்டு நோயையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி தரவேண்டும். மனதில் உள்ளதைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். ஆகவே தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும். எந்த வாசலில் வந்தாலும் ஒரே சீட்டில் இரண்டுக்கும் சிகிச்சை வேண்டும்.

அவசரத்துக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஆனால் டெலிபோன் ஆஸ்பத்திரி ஆகாது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சர்க்காருக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. லயத்துக்கு ஒரு மனு, தெருவுக்கு ஒரு மனு, தமிழில் எழுதுவோம். பிழைக்க வந்தவர்கள்தானே என்று நினைப்பவர்களுக்கு, உரிமை தெரிந்தவர்கள் என்று காட்டுவோம்!