ஆம்பூர் ஷூவுக்கு ஐரோப்பாவில் ஒரு விதி... பாலாற்றுக் கிணற்றுக்கு எங்கே விதி? 34 வருட வழக்கு சொல்லும் கதை

ஆம்பூர்னா பிரியாணிதான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ ஷூ வாங்கிப் போடுபவருக்கு ஆம்பூர் வேறு வகையில் நெருக்கம். அவர் காலில் இருக்கும் தோல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் இருக்கும் ஏதோ ஒரு டேனரியில் பதனிடப்பட்டதாக இருக்கலாம்.

அந்த ஷூ ஐரோப்பாவுக்குள் விற்பனைக்குப் போக ஒரு கண்டிஷன் இருக்கிறது. தோலில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கீழேதான் குரோமியம்-6 இருக்க வேண்டும். 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதுதான் சட்டம். அளவு தாண்டினால் அந்தச் சரக்கை விற்க முடியாது. எதற்காக இந்த விதி? போடுபவரின் தோலில் அலர்ஜி வரக்கூடாது என்பதற்காக.

நியாயமான விதிதான். ஆனால் அதே தோலைப் பதனிட்ட இடத்தில், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் கேன் தண்ணீர் வாங்குகிற குடும்பத்துக்கு என்ன விதி இருக்கிறது? இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்குக்கு வயது 34.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

2025 ஜனவரி 30-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்தது. டேனரி கழிவால் பாதிக்கப்பட்டு, இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு 6 வாரத்தில் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் 4 வாரத்தில் கமிட்டி அமைக்க வேண்டும். உத்தரவு அமலாகிறதா என்பதையும் நீதிமன்றமே தொடர்ந்து கண்காணிக்கும்.

கேட்கும்போது வேகமான தீர்ப்பு போலத் தெரிகிறது, இல்லையா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

வேலூர் மக்கள் நல மன்றம் 1991-ல் தொடர்ந்த வழக்கு இது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு அது. ‘மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்’, ‘ஆபத்து வரும் என்று தெரிந்தால், முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும்’ என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் அதில் அறிவித்தது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1992 ரியோ மாநாடு ஆகியவற்றில் உலக நாடுகள் பேசி எடுத்த முடிவுகளைத்தான் நீதிபதிகள் ஆதாரமாகக் காட்டினார்கள். அதாவது, ரியோவில் எழுதிய வரி வாணியம்பாடி டேனரிக்கு சட்டமானது.

டேனரிகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கையும் தீர்ப்பு பதிவு செய்தது.

அதன்பிறகு இழப்பீட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் வந்தது. 2001 மார்ச் 7-ல் அது உத்தரவு போட்டது. 547 டேனரிகள், 29,000-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்ட குடும்பங்கள், மொத்தம் சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு சராசரியாக 9,000 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. நிலம் போச்சு, கிணறு போச்சு, அதற்கு இந்தத் தொகை. அதிலும் ஒரு பகுதியினருக்கு 2025 வரை வந்து சேரவில்லை என்பதால்தான் இந்தப் புதிய தீர்ப்பே தேவைப்பட்டது.

குரோமியம் மட்டும்தான் பிரச்னையா?

இல்லை. டேனரி என்றாலே எல்லோரும் குரோமியம் என்பார்கள். ஆனால் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரைக் கெடுத்ததில் பெரிய பங்கு, நம்ம சமையலறையில் இருக்கிற அதே உப்புக்குத்தான்.

ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, உரித்தவுடன் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். தோலின் எடையில் சுமார் 40 சதவீதம் அளவுக்கு உப்பு போகும். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று 1996 தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. குரோமியத்தை ஓரளவு பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். வண்டலாகவும் ஒதுக்கலாம். உப்பு அப்படியில்லை. தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கி கிணற்றுக்கு வந்துவிடும்.

இதைத்தான் டிடிஎஸ் என்று அளக்கிறோம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

குரோமியத்திலும் இரண்டு வகை உண்டு. பதனிடப் பயன்படுவது குரோமியம்-3, ஆபத்து குறைவு. குரோமியம்-6 தான் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற அரசு சார்ந்த குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இந்த வகை. 1995-லேயே ஆலை நின்றுவிட்டது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு 2006-ல் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டை பெயரும் வந்தது.

இந்தத் தொழில் இங்கே எப்படிப் பெருகியது?

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில். அந்த முறைத் தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. 1970-களில் நிலைமை மாறியது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அப்படியே அனுப்பாமல், முழுதாக முடித்து அனுப்பினால் நாட்டுக்குக் கூடுதல் டாலர் வரும் என்று மத்திய அரசு 1973 முதல் கொள்கையை மாற்றியது. அதே நேரத்தில் ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையாகி, கழிவு அதிகம் வரும் வேலைகள் அங்கிருந்து வெளியே நகர ஆரம்பித்தன. இரண்டும் சேர்ந்தன. குரோம் பதனிடுதல் பாலாற்றங்கரையில் வேகமாகப் பெருகியது. வேலை வந்தது, பணமும் வந்தது. அதை மறுக்க முடியாது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வருகிற பெண்களைப் பார்த்தாலே இந்தத் தொழில் எத்தனை வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது என்று புரியும்.

வெளிநாட்டு விதி வேலை செய்தது எப்படி?

இதுதான் இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடம்.

தோலில் பூஞ்சை வராமல் இருக்க பிசிபி என்ற ரசாயனம் பயன்பட்டது. 1989-ல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. நம்ம ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரே அதிர்ச்சி. ஆனால் சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதனைக்கு உதவியது, மாற்று ரசாயனம் வந்தது, இந்திய அரசும் தடை போட்டது. சில வருடங்களில் கதை முடிந்தது. 1994-ல் சில அசோ சாயங்களை ஜெர்மனி தடை செய்தபோதும் இதேதான் நடந்தது. 1997-ல் 70 அசோ சாயங்களை இந்தியாவும் தடை செய்தது.

ஏன் இவ்வளவு வேகம்? சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற பயம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 29 வருடத்தில் செய்ய முடியாததை ஹாம்பர்க் துறைமுகத்து லேப் ரிப்போர்ட் ஒன்று சீக்கிரமாகச் செய்துவிட்டது. ஆனால் அந்த ரிப்போர்ட் ஷூவில் என்ன மிச்சம் இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கும். பதனிடும்போது ஆற்றில் என்ன விட்டீர்கள் என்று கேட்காது. ரசாயனத்தையும் உப்பையும் நன்றாகக் கழுவிவிட்டால் தோல் பாஸ். கழுவிய தண்ணீர் எங்கே போனது என்பது பரிசோதனையில் வராது.

தண்ணீருக்காகவும் சர்வதேச உதவி வராமல் இல்லை. ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோ, 1990-களில் சென்னையில் அலுவலகம் வைத்தே வேலை செய்தது. இந்தியாவோடு வங்கதேசம், சீனா, இலங்கை, நேபாளம் உள்ளிட்ட நாடுகளின் டேனரி கழிவுக்கான கூட்டுத் திட்டம் அது. குரோமியத்தைத் திரும்ப எடுப்பது, பொது சுத்திகரிப்பு நிலையங்களைச் சரியாக நடத்துவது என்று பல விஷயங்கள் அதில் கற்றுக்கொள்ளப்பட்டன. ஆனால் தொழில்நுட்பம் கற்றுக்கொடுக்க முடிந்த அந்தத் திட்டத்துக்கு, கழிவைத் திருட்டுத்தனமாக விடுபவரைப் பிடிக்கிற அதிகாரம் கிடையாது.

ரைன் நதியிலும் இதே உப்புதான்!

பாலாற்றுக்கு ரொம்பப் பொருத்தமான உதாரணம் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பொட்டாஷ் சுரங்கங்கள் தங்கள் கழிவு உப்பை ரைன் நதியில் கொட்டின. நதியின் கடைசியில் இருப்பது நெதர்லாந்து. அங்கே குடிநீரும் கெட்டது, தோட்டப் பயிரும் கெட்டது.

டச்சுத் தோட்டக்காரர் ஒருவர் சுரங்க நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். பிரான்ஸில் நடந்த தவறுக்கு நெதர்லாந்தில் வழக்குப் போடலாமா என்ற கேள்வி வந்தது. பாதிப்பு எங்கே நடந்ததோ அங்கேயும் போடலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976-ல் சொன்னது. அதே வருடம் நாடுகள் ஒப்பந்தம் போட்டன. உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்ஸ் 30 சதவீதம், ஜெர்மனி 30, நெதர்லாந்து 34, சுவிட்சர்லாந்து 6. கவனித்தீர்களா? பாதிக்கப்பட்ட நாடுதான் அதிகம் கட்டியது! மாசுபடுத்தியவரே கட்ட வேண்டும் என்ற கொள்கை அங்கேயும் பேச்சில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இல்லை. அந்த ஒப்பந்தம் அமலுக்கு வரவே 1985 ஆனது. ஆனாலும் கரையோர நாடுகள் சேர்ந்து உட்கார ரைன் நதிக்கு ஒரு ஆணையம் இருக்கிறது. 1950-லிருந்து இருக்கிறது.

பாலாற்றுக்கு அப்படி ஒன்று இல்லை. கர்நாடகாவின் நந்திமலையில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. 1892-ம் ஆண்டு சென்னை - மைசூர் ஒப்பந்தத்தில் இதன் பெயர் இருக்கிறது. குப்பம் அருகே கணேசபுரத்தில் ஆந்திரா அணை கட்டப்போவதாகச் சொன்னதற்கு 2006-ல் தமிழ்நாடு வழக்குப் போட்டது. புல்லூர் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியதற்கு 2016-ல் வழக்குப் போட்டது. எல்லாமே ‘எவ்வளவு தண்ணீர்’ என்ற சண்டை. ‘எப்படிப்பட்ட தண்ணீர்’ என்று மூன்று மாநிலமும் பேச ஒரு மேசைகூடக் கிடையாது.

இரண்டும் வேறு வேறு இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடினால் உப்பு நீர்த்துப்போகும். வறண்ட ஆற்றில் உப்பு அங்கேயே தங்கும். இன்று வேலூர் பக்கம் பல ஊர்களில் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து கொண்டுவரும் காவிரித் தண்ணீர். பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு காவிரியைக் குடிக்கிறோம்.

இப்போது என்ன நிலை?

டேனரி கழிவுநீரை வெளியே சொட்டுகூட விடக்கூடாது என்பது இப்போதைய விதி. பொது நிலையங்களில் சுத்திகரித்து, ஆர்.ஓ. வழியாக வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரை டேனரிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். முன்பைவிட இது பெரிய முன்னேற்றம்தான். கடைசியில் மிஞ்சுவது பல ரசாயனம் கலந்த உப்பு. வாங்க ஆள் இல்லாமல், வளாகத்திலேயே மூட்டை மூட்டையாகக் குவிகிறது.

விதிமீறலும் நிற்கவில்லை. மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்தால் ஆம்பூர் மாராப்பட்டு பகுதியில் நுரை பொங்கி ஓடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஊர்மக்களின் பல வருடப் புகார். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் வண்டலில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

வெளியிலிருந்து வரும் விதிகள் இப்போதுதான் மெல்ல ஆற்றின் பக்கம் திரும்புகின்றன. 2023 ஜனவரி முதல் ஜெர்மனியில் ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருகிற வெளிநாட்டு ஆலைகளில் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீரைக் கெடுப்பதும் அதில் சேரும். பாதிக்கப்பட்டவர் அந்த நாட்டு அரசு அலுவலகத்தில் புகார் தரலாம். ஆனால் முழுப் பொறுப்பு நேரடி சப்ளையர் வரைதான். ஷூ கம்பெனி நேரடி சப்ளையர். அந்தக் கம்பெனிக்குத் தோல் தருகிற டேனரி இரண்டாவது படி. அங்கே பிரச்னை இருப்பதாக ஆதாரத்தோடு தகவல் வந்தால்தான் பிராண்ட் அசைய வேண்டும். இதைவிடப் பெரிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024 ஜூலையில் வந்தது. அடுத்த ஏப்ரலிலேயே அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

ஆக, இப்போதைக்குத் தேவைப்படுவது ஆதாரம். எந்தக் கிணறு, எந்தத் தேதி, எவ்வளவு டிடிஎஸ், எவ்வளவு குரோமியம் என்ற காகிதம். இழப்பீடு கேட்பவருக்கும் அது வேண்டும், வெளிநாட்டுக்குப் புகார் அனுப்புபவருக்கும் அது வேண்டும்.

உங்கள் கிணறோ போரோ இந்தப் பகுதியில் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். டிடிஎஸ் மட்டும் பார்த்தால் போதாது, குரோமியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2001, 2009 இழப்பீட்டு உத்தரவுகளில் உங்கள் அப்பா, தாத்தா பெயரில் நிலம் இருந்ததா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் போக வேண்டும், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு வேலூர், மேல்விஷாரத்துக்காரர்களுக்கு ராணிப்பேட்டை.