சோதனைக் குழாய்க்கு ஈரல் இல்லை

"மூலிகையிலுள்ள பிளேவனொயிட்டுகள் புற்றுநோயைக் கொல்லும்" என்று தலைப்பிடும் பத்திரிகை நண்பர்களைக் கேட்கிறேன்: எங்கே கொன்றன? கண்ணாடிக் குழாயில். அதற்குக் குடலுமில்லை, ஈரலுமில்லை.

வெங்காயத்திலுள்ள குவெர்செற்றினை எடுத்துக்கொள்வோம். அது சர்க்கரையுடன் பிணைந்தே வயிற்றுக்குள் வருகிறது. எந்தச் சர்க்கரை என்பதிலேயே அதன் தலைவிதி தங்கியுள்ளது. 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தபோது வெங்காயத்திலிருந்து 52 வீதம் உறிஞ்சப்பட்டது. அதே குவெர்செற்றின் வேறு சர்க்கரையுடன் பிணைந்த ரூட்டினிலிருந்து 17 வீதமே. உறிஞ்சப்படாதது பெருங்குடல் பக்டீரியாக்களுக்கு விருந்து. உட்சென்றதையும் குடற்சுவரும் ஈரலும் உருமாற்றிவிடுகின்றன. குழாயில் ஊற்றிய அந்தப் பொருள், அதே வடிவில் குருதியில் ஏறக்குறைய இல்லை!

2012இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம், உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு வலுவைக் காட்டிய தனது அட்டவணையை இணையத்திலிருந்தே அகற்றியது. குழாயில் அளந்த அந்த எண்கள் உடலுக்குள் நடப்பதைச் சொல்லவில்லை. வியாபாரிகளோ அவற்றை விளம்பரமாக்கினர். நம்மவர்கள் இதைச் செய்தியாக்கினார்களா?

மூலிகையைப் பழிப்பது என் நோக்கமன்று. வெங்காயத்தைத் தாராளமாக உண்ணுங்கள். ஆனால், மனிதரில் சோதித்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற இரு கேள்விகளையும் கேளாமல் எழுதிய தலைப்பை நம்பி, ஒரு நோயாளி புற்றுநோய்ச் சிகிச்சையை இடைநிறுத்தினால், அவருடைய பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியர் பதில் சொல்வார்?