நிலத்தில் மறைந்திருப்பவை



நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்டவன் தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்கினான் என்பது மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமை. அப்புதையல் அங்கே எவ்வாறு வந்தது என்று நீங்கள் எண்ணியதுண்டா? படைகள் அடிக்கடி கடந்துசென்ற பலஸ்தீனத்தில் பலருக்கும் மண்ணே காப்பகம். புதைத்தவர் திரும்பி வராவிடின் பொன் உரிமையாளரின்றிக் கிடக்கும்.

வன்னி மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் முல்லைத்தீவு மாவட்டத்தில் ‘புலிகள் புதைத்த தங்கம்’ பற்றிய கதை ஓயவில்லை. நீதிமன்ற அனுமதியுடன், பொலிஸார் முன்னிலையில், பெக்கோ இயந்திரங்களைக் கொண்டு பல இடங்களில் தோண்டிப் பார்த்தனர். எதுவும் கிடைக்காமலே குழிகளை மூடிச் சென்றதுதான் பெரும்பாலும் நடந்தது. (இரவில் களவாகத் தோண்டுவோரின் கணக்கு வேறு.)

அதே மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில், 2023 ஜூன் மாதம், குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய கானில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. எந்தப் புதையற் கதையும் அவ்விடத்தைச் சுட்டியிருக்கவில்லை. 2024 ஜூலையில் அகழ்வு நிறைவடைந்தபோது மீட்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்து கேட்டுவந்தது பொன்னையன்று. உள்ளதையெல்லாம் விற்றேனும் அந்நிலத்தை வாங்கத் துணிந்த உவமை மனிதனை நான் இப்போது அவர்களிடத்திலேயே காண்கிறேன்.