திரைக்குப் பின்னால் ஒரு குரல்



போன ஞாயிறு எங்கள் வீட்டில் மீண்டும் 'தில்லானா மோகனாம்பாள்' ஓடியது. 1968இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த படம். மேடையில் நடப்பதிலும் பார்க்க மேடைக்குப் பின்னால் நடப்பதுதான் அதில் கதை: நாயனக்காரரின் ரோசம், ஆடுபவளின் பிடிவாதம், நாகேஷின் சூழ்ச்சி, நாடகக்காரி ஜில்ஜில் ரமாமணியாக மனோரமாவின் கலகலப்பு. சிவாஜி கன்னம் உப்ப ஊதுகிறார். நாதசுரமோ மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்களுடையது. அது எவருக்கும் ஒளிப்பில்லை.

அமெரிக்கர்களிடமும் இப்படியான ஆடல்பாடல் நகைச்சுவைப் படங்கள் உண்டு. 1952இல் ஜீன் கெலியும் ஸ்டான்லி டொனனும் இயக்கிய 'சிங்கிங் இன் த ரெய்ன்' அவற்றில் பெயர் பெற்றது. கதை 1927இல், பேசும் படம் வந்த நேரத்தில் நடக்கிறது. ஊமைப்படத்தின் பெரிய நடிகைக்கு முகம் அழகு, குரல் கீச்சு. ஒலிவாங்கியைச் செடிக்குள்ளும் சட்டைக்குள்ளும் ஒளித்துவைத்து அவர்கள் படும்பாட்டுக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் ஒரு புதுப்பெண் இரவல் குரல் கொடுக்கிறாள். நடிகை மேடையில் வாயசைக்க, இவள் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறாள். அந்த நேரம் பார்த்து நண்பர்கள் கயிற்றை இழுத்துத் திரையைத் தூக்கிவிடுகிறார்கள்!

இன்னொரு வேடிக்கை: அந்தப் புதுப்பெண்ணாக நடித்த டெபி ரெனால்ட்சுக்கே சில இடங்களில் பாடியவர் பெட்டி நோய்ஸ். படத்தில் அவருடைய பெயர் இல்லை.

திரை தூக்கும் காட்சியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் வைத்தியரிடம் போனபோது, நான் தமிழில் சொல்ல, என் பத்து வயது மகள்தான் டொச்சில் கதைத்தாள். வைத்தியர் சொன்னதில் பாதியை அவள் எனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, தாயின் மடியில் படுத்து அழுதபோதுதான் விசயம் தெரிந்தது. எனக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமாம். அந்தப் பாரத்தைப் பிள்ளை தனியே சுமந்து வந்திருக்கிறாள்.

அடுத்தமுறை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டேன். ஒழுங்கு செய்து தந்தார்கள். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். மாலை நேர டொச் வகுப்பிலும் பெயர் பதிந்துவிட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அழுவதிலும் பார்க்க அது நல்லது.

நூலகத்தில் அந்தப் படத்தின் இறுவட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குடும்பமாக இருந்து பாருங்கள். கேட்கும் வேலையையும் பிள்ளையிடம் விடாமல், நீங்களே கேளுங்கள்.