பையை யார் துவைப்பது?



வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசின் விதிகள் சொல்லிவிட்டன. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடை போட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. எல்லாமே நல்ல காரியங்கள்தான்.

ஆனால், வீட்டுக்குள் இதையெல்லாம் செய்வது யார்?

துணிப்பையைத் துவைத்துக் காயவைத்து மடித்து வைப்பது, பால் கவரை அலசிச் சேர்த்து வைப்பது, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வேறு வேறு வாளியில் போடுவது, தீர்ந்த பேட்டரியையும் காலாவதியான மாத்திரையையும் தனியே எடுத்து வைப்பது... பெரும்பாலான வீடுகளில் பெண்தான். குப்பை வண்டியின் விசில் கேட்டதும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவதும் அவர்தான்.

2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏற்கெனவே ஐந்து மணி நேரத்தைத் தொடும் அந்த உழைப்பின் தலையில்தான், சுற்றுச்சூழலைக் காக்கும் வேலையையும் சத்தமில்லாமல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

“பெண்களுக்கு இயல்பாகவே இயற்கை மேல் அக்கறை அதிகம்” என்பவர்கள் உண்டு. சிப்கோ இயக்கத்தை உதாரணம் காட்டுவார்கள். 1974 மார்ச்சில் இமயமலையின் ரேணி கிராமத்தில், ஆண்கள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து மரம் வெட்ட வந்தவர்களை கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் தடுத்து நிறுத்தினார்கள். உண்மைதான். ஆனால், அந்த அக்கறை பிறவியில் வந்ததா? விறகுக்கும் புல்லுக்கும் தினமும் காட்டுக்குப் போனவர்கள் அவர்கள். காடு போனால் தங்கள் பாடு என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியும். வேலையைச் செய்கிறவருக்கு அக்கறை தானாக வந்துவிடும்.

அப்படியானால், ஆண்களுக்கும் அக்கறை வர என்ன வழி? வேலையைக் கொடுப்பதுதான்!

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து கறுப்பு கவரோடு வருவது யார்? ஹோட்டலில் சூடான சாம்பாரையும் சட்னியையும் பாலிதீன் கவரில் கட்டி வாங்கி வருவது யார்? அந்தக் கவரைப் பிசுக்குப் போகக் கழுவி, எந்த வாளியில் போடுவது என்று யோசிக்கும் வேலை ஒரு மாதம் அவர் கைக்கு வரட்டும். அடுத்த மாதம் வண்டியில் ஒரு தூக்குவாளி தொங்கும். பாத்திரம் எடுத்துப் போவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

நாம் பிரிக்காமல் கொடுக்கும் குப்பையைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கையை விட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களிலும் பெண்கள் ஏராளம்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. “அவர் பிரிச்சா சரியா இருக்காது” என்று வாளியைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். நாலு நாள் தப்பாகப் பிரிக்கட்டும், ஐந்தாம் நாள் சரியாகிவிடும். மகளிடம் மட்டும் சொல்லாமல் மகனிடமும் அந்த வேலையைக் கொடுங்கள். சின்ன வயதில் கை பழகிவிட்டால், நாளை அவன் மனைவி இதற்காகத் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்காது.

இந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து பேசி, குப்பை வாளி யார் பொறுப்பு, பை யார் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எப்படிப் போகிறது என்று எங்களுக்கும் எழுதுங்கள். இந்த முறை வீட்டு ஆண்களின் கடிதங்களை அதிகம் எதிர்பார்க்கிறேன்!

அன்புடன்,
ஆசிரியர்