இடம் இறங்கியது, பிள்ளை இறங்கவில்லை

 

மானிப்பாயில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலராகச் சேர்ந்து பேசியதை இங்கே எழுதுகிறோம். பெற்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

தவணைக்குத் தவணை பிள்ளைகளின் இடம் எப்படி மாறுகிறது என்று எக்ஸலில் ஒரு வரைபு கீறினோம். முதலாம் இடம் மேலே, கடைசி இடம் கீழே, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறக் கோடு. அழகாகத்தான் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் காட்டியபோது ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார்: "என்ன சேர், மூன்று இடம் கீழ போயிட்டான்?" பக்கத்தில் நின்ற பிள்ளை தலையைக் குனிந்தான்.

புள்ளிப் பதிவைப் பிறகுதான் எடுத்துப் பார்த்தோம். முதலாம் தவணையில் சராசரி 61, இடம் 12. மூன்றாம் தவணையில் சராசரி 66, இடம் 15. பிள்ளை முன்னேறித்தான் இருக்கிறான். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கூட முன்னேறிவிட்டார்கள். எங்கள் வரைபு அதைச் சொல்லவில்லை. பிழை எங்களுடையது.

இந்த வகை வரைபுக்கு ஆங்கிலத்தில் 'பம்ப் சார்ட்' என்று பெயர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் படகோட்டப் போட்டிகளில் இருந்து வந்த பெயர் அது. ஆறு ஒடுக்கம் என்பதால் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். முன்னால் போகும் படகை எட்டி முட்டினால் மறுநாள் அதன் இடம் உங்களுக்கு. அங்கே இடம் மட்டும்தான் கணக்கு, வரைபும் பொருந்துகிறது. வகுப்பறை அப்படி இல்லையே.

மாகாணக் கதையும் இதேதான். 2024ஆம் ஆண்டுக்கான க.பொ.த சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது வடக்கு ஒன்பதாம் இடம் என்று எல்லோரும் கவலைப்பட்டோம். கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் எண்களையும் பாருங்கள். உயர்தரத்துக்குத் தகுதி பெற்றோர் முதலிடத்துத் தென்மாகாணத்தில் 75.64 வீதம், வடக்கில் 69.86 வீதம். நூறு பிள்ளைகளுக்கு ஆறு பிள்ளை வித்தியாசம். இரண்டாம் இடத்து மேல் மாகாணத்துக்கும் மூன்றாம் இடத்துக் கிழக்குக்கும் இடையே 0.21 வீதம்தான். இட வரைபில் இந்த இரண்டு இடைவெளியும் ஒரே அளவுப் படிகளாகவே தெரியும். 'ஒன்பதாம் இடம்' என்று புலம்புவதை விட, அந்த ஆறு பிள்ளைகள் யார், எந்தப் பாடத்தில் விழுகிறார்கள் என்று தேடுவது பிரயோசனம்.

இடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் போகிறது. உயர்தரப் பிள்ளைக்கு மாவட்டத்தில் தன் இடம் தெரியத்தான் வேண்டும். தரம் 8 பிள்ளைக்கு அது எதற்கு?

வரைபு கீறும் ஆசிரியர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இடத்துக்குப் பக்கத்தில் புள்ளியையும் போடுங்கள். நோயினாலோ வறுமையினாலோ பரீட்சைக்கு வராத தவணையில் கோட்டை இணைக்காமல் வெளியாக விடுங்கள். அந்த வெளி ஏன் வந்தது என்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். முழு வகுப்பின் வரைபைச் சுவரிலோ வட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் கோடு மட்டும் போதும்.

பெற்றோரே, தேர்ச்சி அறிக்கை கைக்கு வந்ததும் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காமல் "போன தவணையை விட எதில் கூடியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பிள்ளையிடம் 61, 66 இரண்டையும் காட்டினோம். சிரித்தான். அடுத்த தவணை 70 எடுப்பானாம். இன்ஷா அல்லாஹ்.